அலைவரிசையில் பழைய பட்டாளம்

அமெச்சூர் வானொலி என்பது, வணிக நோக்கம் ஏதுமின்றி, அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்ற தனிமனிதர்கள் தம் வீட்டில் அமைத்துக்கொண்ட டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் ஆகியவற்றின் துணையால் உலகின் வேறு மூலையில் இருக்கும் மற்றோர் உரிமதாரருடன் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு ஆகும். இதில் ஈடுபடுவோரை ஹாம் என்று அழைப்பது உலக வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், குறிப்பாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், இந்த அலைவரிசைகளில் அதிகம் கேட்ட குரல்களுள் ராணுவத்திலும் கடற்படையிலும் விமானப்படையிலும் தகவல் தொடர்புப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குரல்கள் முக்கியமானவை. அவர்கள் ஒருவருக்கொருவர் தம் படைவாழ்வைச் சொல்லிக்கொள்ளும் முறை, நினைவுநாள் மேடைகளில் கேட்கும் வீரவுரைகளின் சாயல் சிறிதும் இல்லாதது. எந்தப் போரில் எத்தனை பேர் மடிந்தனர் என்பதைவிட, எந்தப் பள்ளியில் மோர்ஸ் தந்திக்குறி கற்றார், நிமிடத்துக்கு எத்தனை சொற்களை எழுதி எடுத்தார், எந்த ரிசீவரின் முன் இரவுப்பணி பார்த்தார் என்பவையே அங்கே அறிமுகமாக அமைகின்றன. தொழிற்பேச்சாகத் தோன்றும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால், பொழுதுபோக்கும் படையும் நூறாண்டுக்கு மேலாகத் தமக்குள் நடத்திவந்த கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

அலைவரிசையில் இருவர் முதன்முதலாகச் சந்திக்கும்போது பரிமாறிக்கொள்வன மிகச் சில: நாடும் ஆளும் இன்னாரென்று காட்டும் அழைப்புக்குறி, பெயர், ஊர், எதிராளியின் ஒலி எவ்வளவு தெளிவாக வந்து சேர்கிறது என்பதைச் சொல்லும் எண் மதிப்பீடு, பயன்படுத்தும் கருவி. இவற்றைச் சுருக்கமாகச் சொல்ல உதவும், கியூ என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள் கப்பல் தந்தியிலிருந்து வந்தவை. விடைபெறும்போது அனுப்பும் 73 என்ற வாழ்த்து பழைய தந்தி அலுவலகங்களின் சொத்து. ஆகவே ராணுவத்தில் தந்தி அடித்த ஒருவர் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழையும்போது புதிய மொழி எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை, தமக்குப் பழகிய மொழியின் சற்றுத் தளர்வான வடிவம் ஒன்றையே அங்கே கண்டார். மோர்ஸ் தட்டும் கையின் தாளம் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால், பழகிய காதுள்ளவர் மறுமுனையில் இருப்பவர் கடற்படையில் பயின்றவரா, தந்தி அலுவலகத்தில் பயின்றவரா என்பதை அவர் சொல்லும் முன்பே ஓரளவு ஊகித்துவிடுவதும் உண்டு.

இந்த உறவு முதல் உலகப் போரிலேயே தொடங்கியது. 1914இல் போர் மூண்டதும் பிரிட்டனின் அஞ்சல் துறை தனியார் நிலையங்களை மூடிக் கருவிகளைக் கைப்பற்றியது. 1917இல் போரில் இறங்கிய அமெரிக்காவும் அவ்வாறே செய்தது. நிலையத்தை இழந்த இளைஞர்களைப் படைகள் விரும்பி ஏற்றுக்கொண்டன, ஏனெனில் மாதக்கணக்கில் கற்பிக்க வேண்டிய ஒரு கலையை அவர்கள் கையோடு கொண்டுவந்தனர். சிறுவயதில் வீட்டு மாடியில் வானொலிச் சோதனைகள் நடத்திய எட்வின் ஆம்ஸ்ட்ராங், அமெரிக்க ராணுவத்தின் தகவல் தொடர்புப் படை அதிகாரியாகப் பாரிசில் இருந்தபோது, 1918இல், சூப்பர்ஹெட்டிரோடைன் என்ற ரிசீவர் முறையை உருவாக்கினார். வந்து சேரும் அதிர்வெண் எதுவாயினும் அதை ஒரே நிலையான இடை அதிர்வெண்ணாக மாற்றிப் பெருக்கும் இம்முறைதான் பின்னாளில் வீட்டு வானொலிகள் ஏறத்தாழ அனைத்துக்கும் அடிப்படையானது. போர் முடிந்ததும் அதே ஆம்ஸ்ட்ராங், 1921 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து ஸ்காட்லாந்தில் கேட்கப்பட்ட அமெச்சூர் நிலையத்தை அமைத்தவர்களுள் ஒருவராக மீண்டும் பொழுதுபோக்குக்கே திரும்பினார்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் நிகழ்ந்தது இதைவிட விசித்திரமானது. 1939இல் ஹாம்களின் டிரான்ஸ்மிட்டர்கள் பறிக்கப்பட்டன, ஆனால் ரிசீவர்கள் அவர்களிடமே விடப்பட்டன. நாட்டுக்குள் ஊடுருவிய ஜெர்மானிய ஒற்றர்களின் ஒலிபரப்பைக் கண்டுபிடிக்க அமைக்கப்பட்ட வானொலிப் பாதுகாப்புச் சேவை, இவர்களைத் தன்னார்வ ஒற்றுக்கேட்பாளர்களாகச் சேர்த்துக்கொண்டது. காலப்போக்கில் அவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 1,500ஐ எட்டியது. பகலில் கடையிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்த இவர்கள், இரவில் தமக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்களில் அலைந்து, இரைச்சலுக்கு அடியில் மெலிதாக ஒலிக்கும் ஐந்தெழுத்துத் தொகுதிகளைத் தாளில் எழுதி, பார்னெட் என்ற ஊரின் ஓர் அஞ்சல் பெட்டி எண்ணுக்கு அனுப்பிவைத்தனர். எதிர்பார்த்த உள்நாட்டு ஒற்றர்கள் அதிகம் அகப்படவில்லை; அதற்குப் பதிலாக, ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த அப்வேர் எனும் ஜெர்மானிய ராணுவ உளவுத்துறையின் செய்திப் போக்குவரத்து அகப்பட்டது. பிளெட்ச்லி பார்க்கில் இருந்த மறைகுறி ஆய்வாளர்கள், ஆலிவர் ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அப்வேரின் கைமுறை மறைகுறிகளையும், 1941 டிசம்பரில் டில்லி நாக்ஸின் முயற்சியால் அதன் எனிக்மா இயந்திரக் குறியையும் உடைத்தனர். பிரிட்டன் தன் பக்கம் திருப்பிக்கொண்ட ஒற்றர்கள் வழியாக அனுப்பிய பொய்த் தகவல்களைப் பெர்லின் நம்புகிறதா என்பதை இந்தச் செய்திகளைப் படித்தே அறிய முடிந்தது.

தாம் எழுதியனுப்பிய எழுத்துக்கூட்டத்தின் பொருள் இன்னதென்று அந்த ஒற்றுக்கேட்பாளர்களுக்குத் தெரியாது. தெரிந்த சிறிதளவையும் வெளியே சொல்ல ரகசியக் காப்புச் சட்டம் விடவில்லை. உடல்நலமுள்ள ஆண் ஏன் போருக்குப் போகவில்லை என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோதும் அவர்களுக்கு வாய்த்த விடை மௌனம்தான். 1970களில் பிளெட்ச்லி பார்க்கின் கதை வெளிவரத் தொடங்கிய பிறகே அவர்களால் பேச முடிந்தது. அதற்கு முந்தைய முப்பதாண்டுக் காலத்தில், அலைவரிசையில் அன்றாடம் சந்தித்துக்கொண்ட இரண்டு பழைய ஹாம்கள், தாம் இருவரும் ஒரே பணியில் இருந்தவர்கள் என்பதை அறியாமலேயே வானிலையையும் ஆன்டெனாவையும் பற்றிப் பேசியிருக்க வாய்ப்பு மிகுதி. படைவாழ்வைப் பற்றிக் கருவியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தில் தன்னடக்கம் மட்டுமன்றி இந்தச் சட்டத்தின் பங்கும் இருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

கருவிகள் பேச்சின் மையமானதற்கு மற்றொரு காரணம், போருக்குப் பின் அவை மலைபோல் குவிந்து மலிவாக விற்கப்பட்டதாகும். நியூயார்க்கின் கார்ட்லண்ட் தெருவிலும் லண்டனின் லைல் தெருவிலும் ராணுவ உபரிக் கடைகள் பெருகின. விமானத்தில் வானொலி இயக்குநராக இருந்தவர், முன்பு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இயக்கிய அதே ரகக் கருவியைச் சில பவுன்களுக்கு வாங்கி வீட்டு மேசையில் வைக்க முடிந்தது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த ஆர் 1155 ரிசீவரும், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணக் குமிழ்கள் கொண்ட டி 1154 டிரான்ஸ்மிட்டரும் இவ்வாறு வந்தவை. பீரங்கி வண்டிக்கென்று செய்யப்பட்ட 19ஆம் எண் வயர்லெஸ் செட், தொலைவுக்கு ஒன்று, அருகில் உள்ள வண்டிகளுக்கு ஒன்று, வண்டிக்குள் இருப்போர் தமக்குள் பேச ஒன்று என மூன்று அமைப்புகளை ஒரே பெட்டியில் அடக்கியது. கனடாவில் தயாரான பல செட்டுகளின் முகப்பில், சோவியத் படைக்கு அனுப்புவதற்காக ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. எதிர்த்திசைப் பயணமும் நடந்ததுண்டு. சிகாகோவின் ஹாலிகிராஃப்டர்ஸ் நிறுவனம் போருக்கு முன் ஹாம்களுக்கென்று விற்ற எச்.டி. 4 டிரான்ஸ்மிட்டரே சற்று உறுதிப்படுத்தப்பட்டு, பி.சி. 610 என்ற பெயரில் அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் நிலையங்களுக்குள் ஏறியது. போர் முடிந்ததும் அது உபரிப் பொருளாகி மறுபடி ஹாம்களிடமே வந்து சேர்ந்தது. இத்தகைய கருவியைக் குறிப்பிடும் ஒருவர், தனியே விளக்கம் சொல்லாமலேயே தாம் இருந்த இடத்தையும் காலத்தையும் பார்த்த வேலையையும் எதிராளிக்கு உணர்த்திவிடுகிறார்.

பனிப்போர்க் காலத்தில் இந்த உறவு படையின் உச்சிவரை எட்டியது. அமெரிக்க விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கர்ட்டிஸ் லெமேயும் அவருடைய துணைவராக இருந்த கிரிஸ்வோல்டும் உரிமம் பெற்ற ஹாம்கள். ஒற்றைப் பக்கப்பட்டை எனப்படும் முறை, அதாவது குரலைச் சுமக்கும் அலையின் ஒரு பாதியை மட்டும் அனுப்பி மின்திறனையும் அலைவரிசை இடத்தையும் மிச்சப்படுத்தும் முறை, ஹாம்களிடையே பரவிவந்த 1950களில், அமெச்சூர் கருவிகளைக் கொண்டே விமானத்தில் அதைச் சோதித்துப் பார்த்துப் படைக்குள் கொண்டுவந்ததில் இவ்விருவருக்கும் பங்குண்டு. இதே லெமே இரண்டாம் உலகப் போரில் டோக்கியோ நகரின் மீதான தீக்குண்டு வீச்சுக்கும் பொறுப்பாளர் என்பதை அமெச்சூர் வானொலியின் பெருமை பேசும் நூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன.

ராணுவத்துக்கும் ஹாம்களுக்கும் இடையிலான முறையான பாலம், 1948இல் தொடங்கப்பட்ட மார்ஸ் என்ற ராணுவ வானொலி அமைப்பு. வியட்நாம் போரின்போது இதன் நிலையங்கள், வீரர்கள் தம் குடும்பத்தோடு பேச வழிசெய்தன. போர்முனை நிலையத்தின் சிற்றலை ஒலியை அமெரிக்காவில் ஒரு ஹாம் வாங்கி, வீரரின் வீட்டு எண்ணைத் தொலைபேசியில் அழைத்து இரண்டையும் இணைப்பார்; பசிபிக் கடலைத் தாண்டும் தொலைபேசிக் கட்டணம் இதனால் இல்லாமற் போயிற்று. ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பதால் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் தாயோ மனைவியோ ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும், அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹாம் சுவிட்சைத் திருப்புவார். அந்தரங்கம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. இணைத்தவர் மட்டுமன்றி ரிசீவர் வைத்திருந்த எவரும் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்தவரும், 1964 குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்றவருமான செனட்டர் பாரி கோல்ட்வாட்டரின் அரிசோனா நிலையம் மட்டும் இத்தகைய இணைப்புகளை 2,00,000க்கு மேல் நடத்தியதாகக் கணக்கிடப்படுகிறது. பின்னாளில் பல வியட்நாம் வீரர்கள் ஹாம் உரிமம் எடுக்க இந்தச் சில நிமிடப் பேச்சும் தூண்டுதலாக இருந்ததில் வியப்பில்லை.

பதவிப்பெயருக்கு அலைவரிசையில் இடமில்லை. லெமேயும் கோல்ட்வாட்டரும், ஜோர்டான் மன்னர் ஹுசைனும்கூட, அழைப்புக்குறியும் முதற்பெயரும் மட்டுமே உடையவர்கள். பொருளை மறைக்கும் குறியீடுகளில் பேசுவதைச் சட்டம் தடுப்பதால், சொல்வதெல்லாம் உலகறியச் சொல்வதாகிறது. மேற்கு ஜெர்மனியில் 1949இலும் ஜப்பானில் 1952இலும் அமெச்சூர் உரிமங்கள் மீண்டும் வழங்கப்பட்டபின், ஒரு காலத்தில் எதிரெதிர் அணியில் மோர்ஸ் தட்டியவர்களும் இவ்வாறே பேசத் தொடங்கினர். அரசியலையும் மதத்தையும் தவிர்ப்பது ஹாம்களின் எழுதாத மரபு. பழைய எதிரியிடம் கேட்கக்கூடிய கேள்வி, ‘எந்த ரிசீவர் வைத்திருந்தீர்கள்?’ என்பதாக அமைந்ததில் இங்கிதத்துக்கும் இடமிருந்தது.

படையோடான இந்த உறவு மேற்கு நாடுகளோடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் இப்பொழுதுபோக்கின் தேசிய அமைப்பே ராணுவ வளாகத்தில்தான் பிறந்தது: 1948 மே 15 அன்று மாவ் நகரின் ராணுவத் தகவல் தொடர்புப் பள்ளியில் தொடங்கிய இந்திய அமெச்சூர் வானொலி மன்றம், பின்னர் தில்லிக்கு இடம்பெயர்ந்து 1954இல் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் என்று பெயர் மாறியது.

கட்டாயப் படைச்சேவை பிரிட்டனில் 1960களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் 1973இலும் நின்றுபோனதால், படையிலிருந்து வரும் ஹாம்களின் வரத்து குறைந்தது. கப்பல்களின் அவசரத் தொடர்பு 1999இல் மோர்ஸைக் கைவிட்டது, அமெரிக்க ஹாம் தேர்விலும் அது 2007இல் நீக்கப்பட்டது. ஆயினும் தேம்ஸ் நதியில் நிற்கும் போர்க்கப்பலான எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்டின் வானொலி அறையைக் கடற்படை அமெச்சூர் சங்கத்தார் இன்றும் இயக்கிக் காட்டுகிறார்கள். 1950 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில், அமெரிக்கப் படை நிலையங்கள் தம் அதிர்வெண்ணில் அழைக்க, ஹாம்கள் தம் அதிர்வெண்ணில் விடையளிக்கும் குறுக்குத் தொடர்பு நிகழ்கிறது. மின்னஞ்சலும் செல்பேசியும் வந்தபின் மார்ஸ் அமைப்பின் தொலைபேசி இணைப்பு வேலை பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் உறுப்பினர்கள் இப்போது, செயற்கைக்கோளும் இணையமும் ஒருசேரச் செயலிழந்தால் சிற்றலையை மட்டும் கொண்டு செய்தி கடத்தும் பயிற்சியை மேற்கொள்கிறார்கள், அந்தப் பயிற்சிகளில் படைச்சேவையே பார்த்திராத ஹாம்களும் 60 மீட்டர் அலைப்பட்டையில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள்.