பழைய வண்ணப்பூச்சும் பயிற்சி பெற்ற கைகளும்

பொங்கல் நெருங்கும்போதும், வீட்டில் திருமணம் நிச்சயமாகும்போதும் கதவு சன்னல்களுக்குப் புதுவண்ணம் தீட்டுவது நம் வழக்கம். குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டில் இவ்வேலை இன்னும் ஆர்வத்துடன் நடைபெறுகிறது. இந்நல்வழக்கத்தினுள் மறைந்திருக்கும் ஓர் ஆபத்தையும், அதைத் தவிர்க்கும் முறைகளையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பேச்சு வழக்கில் ஈயம் எனப்படும் காரீயத்தின் சேர்மங்கள், நிறம் பளிச்சிடவும் பூச்சு விரைவில் உலரவும் எனாமல் பெயின்டில் நெடுங்காலம் சேர்க்கப்பட்டு வந்தன. மஞ்சள், சிவப்பு போன்ற அடர்நிறங்களில் அதன் அளவு மிகுதி. 2016இல் வகுக்கப்பட்ட இந்திய விதிகள், வீட்டு உபயோக வண்ணப்பூச்சில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கிற்கு மேல் காரீயம் இருத்தலாகாது என வரையறுத்தன. இவ்வரம்பு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அது புதிய வண்ணப்பூச்சின் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் உரியது. முன்பே பூசப்பட்ட அடுக்குகள் பழைய கதவுகளிலும் கம்பிகளிலும் தொட்டில்களிலும் அப்படியே உள்ளன.

உரியாத பூச்சினால் பெருந்தீங்கு இல்லை. உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போதும், சுரண்டும்போதும், தீயால் எரித்து அகற்றும்போதும்தான் காரீயம் தூசாகவும் புகையாகவும் வெளிப்படுகிறது. அத்தூசு தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குள் செல்கிறது. உட்கொண்ட காரீயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு இது மேலும் அதிகம். இரத்தச்சோகை, கவனக்குறைவு, கற்கும் திறனில் பின்னடைவு ஆகியவை இதனால் நேரக்கூடும். மூளைக்கு நேர்ந்த பாதிப்பை மருந்தால் மீட்க இயலாது. தாயின் எலும்பில் தங்கிய காரீயம் கருவுற்ற காலத்தில் இரத்தத்தில் கலந்து சிசுவையும் சென்றடைகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகவே, சிகிச்சையைவிடத் தடுப்பே இங்கு முதன்மையானது. வீடுகளில் காரீய வண்ணப்பூச்சை 1978இல் தடைசெய்த அமெரிக்கா, எஞ்சிய பழைய வீடுகளை எவ்வாறு பழுதுபார்ப்பது என்னும் கேள்வியையும் எதிர்கொண்டது. அதற்கு விடையாக 2010 ஏப்ரல் முதல் ஒரு விதி அங்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 1978க்கு முன் கட்டப்பட்ட வீடுகளிலும், சிறுவர் பயிலும் இடங்களிலும் கூலி பெற்றுப் பூச்சைக் கலைக்கும் நிறுவனம் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். வேலையைப் பொறுப்பேற்று நடத்துபவர் எட்டு மணிநேரப் பயிற்சி பெற வேண்டும். அதில் இரண்டு மணிநேரம் செய்முறைப் பயிற்சி.

அப்பயிற்சியில் கற்பிக்கப்படுவன எளியவையே. வேலை நடக்கும் அறையிலிருந்து பொருள்களை அகற்றுதல் அல்லது மூடிவைத்தல், தரையில் பிளாஸ்டிக் விரிப்பிட்டு வாயிலை அடைத்தல், வீட்டார் உள்ளே வராதிருக்க அறிவிப்புப் பலகை வைத்தல், தீயிட்டு எரிக்காதிருத்தல், தூசை உறிஞ்சும் அமைப்பின்றி இயந்திரத்தால் தேய்க்காதிருத்தல். இறுதியில் ஈரத்துணியால் தரையைத் துடைத்து, அத்துணியின் நிறத்தை ஓர் அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பர். துணி அட்டையைவிடக் கறுத்திருந்தால் மீண்டும் சுத்தம் செய்தாக வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றுவது போதாது என்பதே இதன் பொருள்.

நம் வீட்டிற்கு வரும் பெயின்டரிடம் சான்றிதழ் இல்லையெனினும், இம்முறைகளை நாம் கேட்டுப் பெற இயலும். பேரம் பேசும்போதே பின்வருவனவற்றையும் பேசி முடிவுசெய்யுமாறு வேண்டுகிறோம்.

பழைய எனாமல் பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே தேய்க்க வேண்டும். கருவுற்றவர்களும் குழந்தைகளும் வேலை முடிந்து சுத்தம் செய்யப்படும் வரை வேறிடத்தில் தங்குதல் நலம். உதிர்ந்த துகள்களைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துக. புதிய பெயின்ட் வாங்கும்போது டப்பாவின் மேல் காரீய அளவு குறித்த வாசகத்தைப் படித்துப் பார்க்கவும்.

பெயின்ட் வேலை செய்யும் அன்பர்களுக்கும் ஒரு சொல். முதலில் அத்தூசைச் சுவாசிப்பவர் நீங்களே. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. நுண்துகளை வடிகட்டும் முகக்கவசம் அணியுங்கள். கைகழுவாமல் உண்ணவோ புகைபிடிக்கவோ வேண்டாம். வேலை உடையை மாற்றிக் குளித்த பின்னரே உங்கள் குழந்தையைத் தூக்குங்கள். அவ்வுடையைத் தனியே துவையுங்கள்.

காரீயம் உடலில் சேர்ந்திருப்பது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பின், அது எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டில் அண்மையில் பழைய பூச்சு சுரண்டப்பட்டிருந்தாலோ, குழந்தை பூச்சுத் துகளை வாயிலிட்டிருந்தாலோ, குழந்தைநல மருத்துவரிடம் அதைத் தவறாமல் கூறுங்கள். நாங்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.