வெள்ளத்தில் மூழ்கிய பழைய கார்: இழப்பீடு கோரலாமா?

2021 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ கார்கள் மூழ்கின. வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அந்தக் காரையே நம்பியிருந்த குடும்பங்கள் திகைத்து நின்றன. காப்புறுதியில் பணம் கேட்பதா, கைக்காசில் பழுது பார்ப்பதா?

முதலில் காப்புறுதிப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். முழுக் காப்புறுதி இருந்தாலே வெள்ளச் சேதம் அதில் அடங்கிவிடாது. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியே வாங்கியிருக்க வேண்டும்.

வாங்கியிருந்தால், அடுத்தது கணக்கு. ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு என்.சி.டி. எனும் கழிவு 55 விழுக்காடு. கோரினால் அது பூஜ்யமாகி, 25, 30, 38.33, 45 என ஏறித்தான் மீண்டும் 55-ஐத் தொடும். கழிவுக்கு முந்திய பிரீமியம் 1,000 ரிங்கிட் என்றால், அதுவரை கூடுதலாகக் கட்டுவது சுமார் 1,367 ரிங்கிட்.

பழைய காருக்கு இன்னொரு செலவும் உண்டு. புதிய பாகம் பொருத்தினால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டி வரும். பத்தாண்டைத் தாண்டிய காருக்கு அது 40 விழுக்காடு வரை போகலாம்.

ஆகவே, தரைவிரிப்பு மட்டும் நனைந்து, சில நூறு ரிங்கிட்டில் வேலை முடியுமானால் கைக்காசே மேல். இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் தயங்காமல் கோரலாம். பழுதுச் செலவு காரின் மதிப்பை நெருங்கினால், முழு இழப்பாகக் கருதப்பட்டுத் தொகை கிடைக்கவும் வாய்ப்புண்டு.

எப்படியிருந்தாலும், மூழ்கிய காரை முடுக்கிப் பார்க்கவே கூடாது. படம் எடுத்து, போலீஸ் புகார் செய்து, காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டறையின் செலவுக் கணக்கு கைக்கு வந்த பிறகே முடிவெடுப்பது நல்லது.