வேலை போச்சு, ஊருக்கும் வந்தாச்சு... துபாய் கடன் என்னாகும்?

"ஊருக்கு வந்தாச்சுல்லா, இனி பேங்க்காரன் என்ன செஞ்சிருவான்?" மேலப்பாளையத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை, வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அமீரக பேங்க் ஒன்று நெல்லைக்காரரிடம் பணம் வாங்க வேண்டுமானால், இங்கே புதிதாக வழக்குப் போட்டு முதலிலிருந்து நடத்த வேண்டும்.

2020 ஜனவரி 17-ஆம் தேதி அது மாறிவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் மத்திய அரசு சேர்த்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் முன்பே அந்தப் பட்டியலில் இருந்தன. துபாய் நீதிமன்றம் "இவர் இவ்வளவு தர வேண்டும்" என்று தீர்ப்பளித்தால், அதை நேராகப் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அந்த நீதிமன்றமே கொடுத்த தீர்ப்புபோல நிறைவேற்றலாம். நிலமும் பேங்க் இருப்பும் ஜப்திக்கு வரலாம்.

அதற்காக, வாட்ஸ்அப்பில் வரும் முத்திரை போட்ட காகிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலும், இதுவரை எவ்வளவு வசூலானது என்ற சான்றும் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தரப்படவில்லை, சாட்சியங்களை ஆராயாமல் தீர்ப்பு வந்தது, மோசடி நடந்தது என்றெல்லாம் 13-வது பிரிவின் கீழ் எதிர்க்கலாம். ஆனால் "நான் அங்கே இல்லை" என்பது மட்டும் போதாது. உண்மையிலேயே கட்ட வழியில்லாதவரைக் கடனுக்காக மட்டும் சிறையில் வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லியிருக்கிறது.

வசூல் ஏஜென்ட் உங்கள் அப்பாவுக்கோ மனைவிக்கோ போன் போட்டு மிரட்டுகிறாரா? ஜாமீன் கையெழுத்துப் போடாதவர் தன் பணத்திலிருந்து அந்தக் கடனைக் கட்ட வேண்டியதில்லை. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930.

இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் கையில் நிறைய இருக்கிறது. 2023 முதல் அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். தொடர்ந்து 12 மாதம் பிரீமியம் கட்டியவருக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் வரை, அதிகபட்சம் 3 மாதம் கிடைக்கும். வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. நாட்டை விட்டு வந்துவிட்டால் அதுவும் போச்சு. அவசரப்பட்டு டிக்கெட் போடுவதில் இப்படி ஒரு நஷ்டம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

விசா ரத்தாகும் முன்பே பேங்குக்கு ஈமெயில் அனுப்பி, வேலை போன கடிதத்தை இணைத்து, தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். கடைசி செட்டில்மென்ட் சம்பளக் கணக்கில் விழுந்ததும் பேங்க் அதைக் கடனுக்காகப் பிடித்து வைக்கலாம். அதனால் குடும்பச் செலவுக்கு எவ்வளவு விடுவார்கள் என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. 2022 ஜனவரியிலிருந்து, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவது மட்டும் பெரும்பாலும் கிரிமினல் குற்றமல்ல. ஆனால் 10,000 திர்ஹாமுக்கு மேல் பாக்கி இருந்தால் பயணத் தடை கேட்டு பேங்க் நீதிமன்றம் போகலாம். துபாயில் இருப்பவர்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் துபாய் போலீஸ் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வந்துவிட்டவர்களும் பேங்குக்கு எழுதலாம். இன்றைய பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். உங்களால் முடிந்த தொகையைச் சொல்லுங்கள். சம்மதக் கடிதம் வந்த பிறகே பணம் கட்டுங்கள், அதுவும் பேங்க் கணக்கில் மட்டும். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி வையுங்கள்.

உதவிக்கு அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793. சம்மன் வந்திருந்தால் 15100-ஐ அழைத்து, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் உதவி கேளுங்கள். போகும்போது கடன் ஒப்பந்தம், வேலை நீக்கக் கடிதம், பேங்க் ஈமெயில்கள் மூன்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.