இரண்டு லட்சம் அக்காக்கள்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை மீற, முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீருக்குள் போயின. மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் பால் பாக்கெட் சுமந்தார்கள். எந்தத் தெருவுக்குச் சாப்பாடு, எந்த வீட்டு மாடியில் கர்ப்பிணி என்ற தகவல்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் பறந்தன. சென்னையின் தென்புறநகர் அதற்கு முன் பார்த்திராத தன்னார்வலர் கூட்டம் அது. சில வாரங்களில் கூட்டம் கலைந்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளம் வடிந்தால் அந்த வேலையும் முடிந்தது.

வடியாத வேலைக்கு ஆள் சேர்ப்பது வேறு சங்கதி. தொலைக்காட்சி கேமரா கிடையாது, ஆபத்து கிடையாது, அதனால் பரபரப்பும் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலையானால் இருபது பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வேலைக்கு 2021-இல் தமிழக அரசு சுமார் 2 லட்சம் பேரைத் திரட்டியது. ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று பெயர். பிள்ளைகளுக்கு அது ‘ஐடிகே’. சொல்லிக்கொடுப்பவர் ‘அக்கா’, சில தெருக்களில் ‘மிஸ்’.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. கல்வித் தொலைக்காட்சியும் வீட்டுக்கு ஒரு கைப்பேசியும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. பள்ளியையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தைகள் இருந்தார்கள். அக்டோபர் 27-ஆம் தேதி மரக்காணம் பக்கத்தில் உள்ள முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 3-ஆம் தேதி, ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சியானது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் கிராமத்தை மனதில் வைத்து வரைந்த ஒரு திட்டம், புதிதாக மாநகராட்சியான ஊரில் என்ன பாடுபடும் என்று பார்க்கத் தாம்பரம் நல்ல இடம்.

முதலில் ஆள் தேர்வு. ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, எட்டாம் வகுப்பு வரை என்றால் பட்டப்படிப்பு. ஒருவருக்கு இருபது பிள்ளைகள். மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இணையத்தில் பதிவு செய்தவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்து, கல்யாணமாகி, வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டிலிருந்த ஒரு பெரும் கூட்டம் தமிழ்நாட்டுத் தெருக்களில் இருப்பதை அந்தப் பதிவுப் பட்டியல் காட்டிக்கொடுத்தது.

தொடக்கத்திலேயே எதிர்ப்பும் வந்தது. திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணியும் இடதுசாரிகளும் கேள்வி எழுப்பினார்கள். தன்னார்வலர்களைக் கல்விக்குள் கொண்டுவருவது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் இருக்கும் யோசனை ஆயிற்றே, இந்த வாசல் வழியாகச் சங்கப் பரிவாரம் நுழைந்துவிடாதா என்பது அவர்கள் கவலை. கண்காணிப்பு இருக்கும் என்று அரசு சமாதானம் சொன்னது. கட்சி அரசியலை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் அது கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு யாரை அனுப்புகிறோம் என்பதை மேசையில் போட்டு விவாதிக்காத தொண்டு அமைப்புகள் நாட்டில் ஏராளம். இங்கே தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் உள்ளூர் அளவில் பார்வையிடும் ஏற்பாடாவது இருந்தது.

தன்னார்வலரைச் சேர்த்து, வளர்த்து, நிறுத்திவைப்பதை ஒரு தனித் தொழிலாகவே நடத்தும் இடங்கள் உண்டு. 1902-இல் ஓஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய பிள்ளைகள் சங்கம் பின்னாளில் ‘ஃபோர்-எச்’ என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கத் துறை அதை நடத்துகிறது. பிள்ளைகளை நேரே கவனிப்பவர்கள் தன்னார்வலர்கள். அந்தத் தன்னார்வலர்களைக் கவனிப்பதற்கென்று பல மாநிலங்களில் சம்பளத்தோடு தனி அலுவலர் உண்டு. அந்த இயக்கத்தைச் சேர்ந்த மில்டன் பாய்ஸ் 1971-இல் இந்த வேலையை ஏழு படிகளாகப் பிரித்தார்: கண்டுபிடித்தல், தேர்ந்தெடுத்தல், வேலையை அறிமுகம் செய்தல், பயிற்சி, பயன்படுத்துதல், அங்கீகாரம், மதிப்பீடு.

நம் ஊரில் இந்த அளவுக்குத் தன்னார்வலர்களைத் திரட்டிய முன்னோடி, எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம். 1991-92-இல் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது இன்றும் பேசப்படுகிறது. வெளியே தெரியாத பகுதி அதன் பயிற்சி முறை. கருத்தாளர்கள் சிலருக்கு முதலில் பயிற்சி. அவர்கள் முதன்மைப் பயிற்றுநர்களுக்கு. அவர்கள் தெருவில் பாடம் நடத்தும் தொண்டர்களுக்கு. ஆயிரக்கணக்கானோரை எட்ட இதைவிட்டால் வேறு வழி இல்லை. ஆனால் அடுக்கு அடுக்காக இறங்கும்போது பாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கடைசியில் தெருவுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கையேடு மட்டும்.

ஐடிகேயிலும் அதே அடுக்குதான். அதன் சிறப்பு அலுவலராக இருந்தவர் ஐஏஎஸ் அதிகாரி க. இளம்பகவத். தொடக்கப் பயிற்சி சிறியது. பிறகு குறுவள மைய அளவில் கூட்டங்கள், கைப்பேசியில் டெலிகிராம் குழுக்கள், ஒன்றியத்துக்கு ஒன்றியம் ஆசிரியர்களிலிருந்து எடுத்த ஒருங்கிணைப்பாளர்கள். ஒரு பெண் முதல் நாள் வகுப்பெடுத்து, எழுத்தே தெரியாத ஐந்தாம் வகுப்புப் பையனைப் பார்த்துத் திகைத்து நிற்கிறாள் என்றால், அந்த வாரத்திலேயே கேட்க ஓர் ஆள் வேண்டும். பத்து நாள் பயிற்சி முகாமைவிட அந்த ஒரு போன் நம்பர் பெரிது. ஒருங்கிணைப்பாளர் போனை எடுக்கிற ஒன்றியத்துக்கும் எடுக்காத ஒன்றியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆண்டறிக்கையும் காட்டப்போவதில்லை.

இப்படியொரு முயற்சி தோற்கவும் கூடும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் உதாரணம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் அங்கே ஒரு சோதனையை ஆராய்ந்தார்கள். ‘பிரதம்’ அமைப்பு கிராமத்து இளைஞர்களுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம்கள் நடத்தச் சொன்னது. முகாமுக்கு வந்த பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் ஊர்ப் பிள்ளைகளில் வந்தவர்கள் 8 சதவீதம்தான். தன்னார்வலர் தயார், பாடம் தயார், பிள்ளைகளை அனுப்பத்தான் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் பள்ளியே பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்தது. வகுப்பு ஆசிரியரே போகச் சொன்னார். பெரிய வேறுபாடு அது.

விளைவு என்ன? கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். இழப்பு கடுமை; தமிழைவிடக் கணக்கில் கூடுதல். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் சுமார் 24 சதவீதம் ஐடிகேயின் பங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. பள்ளி மூடியபோது அதிகம் இழந்தவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். மீண்டபோது அதிகம் மீண்டவர்களும் அவர்களே. மாதம் 1,000 ரூபாய் வாங்கிய பெண்களின் கைவேலை இது என்பதை நினைத்தால் சின்னக் கணக்காகத் தோன்றாது.

ஆனால் இது கிராமத்துக் கணக்கு. தாம்பரமும் பல்லாவரமும் பெருங்களத்தூரும் இதில் வராது. பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் ஆய்வும் ஊரகத்தோடு நின்றுவிடும்.

புறநகரில் சிக்கல் இடத்திலிருந்தே தொடங்குகிறது. கிராமத்தில் கோயில் மண்டபமோ சமுதாயக் கூடமோ திண்ணையோ கிடைக்கும். இங்கே ஒற்றை அறை வாடகை வீட்டில் இருபது பிள்ளைகள் எங்கே உட்காருவது? மொட்டை மாடி இருக்கிறது, அதன் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மாடியும் போயிற்று. அங்கன்வாடி, பள்ளி வளாகம், குடியிருப்போர் நலச் சங்கக் கட்டடம் என்று கேட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தருவதும் தன்னார்வலர் வளர்ச்சி வேலையில் சேர்த்திதான், பயிற்சிப் புத்தகத்தில் அது இருக்காது.

அடுத்தது நிலையாமை. கிராமத்து அக்கா அந்தத் தெருவிலேயே இருப்பாள். சேலையூரில் வாடகைக்கு இருக்கும் அக்கா, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் அடுத்த மாதம் கூடுவாஞ்சேரியில் இருப்பாள். பிள்ளைகளும் அப்படியே இடம் மாறுகிறார்கள். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசுகிறார்கள். தமிழ் எழுத்தைச் சொல்லித்தர அந்த மையத்துக்கு வேறு பாடம் வேண்டும். மெப்ஸ் என்று அழைக்கப்படும் தாம்பரம் ஏற்றுமதி வளாகம் 1984-இலிருந்து இயங்குகிறது. அங்கும் சுற்றியுள்ள கம்பெனிகளிலும் வேலை செய்யும் தாய்மார்கள் ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை அதுவரை யார் பொறுப்பு? கிராமத்தைவிட இங்கே மாலை மையத்தின் தேவை அதிகம், நடத்துவதும் கடினம்.

மூன்றாவது, டியூஷன். கிழக்குத் தாம்பரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மின்கம்பத்தில் ஒரு டியூஷன் அட்டை தொங்கும். அதே ஒன்றரை மணி நேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டண வகுப்பெடுத்தால் 1,000 ரூபாயைப் போல் சில மடங்கு சம்பாதிக்கலாம். மாநிலம் முழுக்க ஒரே தொகை என்பது நியாயமாகத் தெரிந்தாலும், முதலியார்குப்பத்தில் அந்த ஆயிரம் செய்வதைத் தாம்பரத்தில் செய்யாது.

பணம் வாங்காமல் வருபவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். 2006-இல் சென்னையில் தொடங்கிய ‘பூமி’ போன்ற அமைப்புகளில் ஐடி ஊழியர்களும் மாணவர்களும் வார இறுதியில் பாடம் நடத்துகிறார்கள். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இலிருந்து இருக்கிறது: இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், நூறு மாணவருக்கு ஒரு திட்ட அலுவலர். அந்த அலுவலர் ஏற்கெனவே முழு நேரம் வகுப்பெடுக்கும் விரிவுரையாளர். ஒருவர் நூறு பேரை வளர்ப்பதாகக் காகிதத்தில் இருக்கிறது. நடைமுறையில் வருகைப் பதிவேட்டை நிரப்புவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை வண்டியோட்டி வரும் ஐடி ஊழியரையும், 240 மணி நேரத்தை முடிக்க வேண்டிய மாணவரையும், தெரு அக்காவையும் ஒரே பயிற்சியில் உட்கார வைப்பது வீண். முன்னவர் இருவருக்கும் பிள்ளைகளின் வீட்டு நிலைமை புரிய வேண்டும். அக்காவுக்கு அது மனப்பாடம், கணக்கு கற்பிக்கும் முறைதான் வேண்டும்.

இளைஞர் மேம்பாட்டுக்கென்றே 1993-இல் ஸ்ரீபெரும்புதூரில் அமைந்த ராஜீவ் காந்தி தேசிய நிறுவனம் தாம்பரத்திலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தன்னார்வலர்களைக் கவனிக்கும் இடைநிலை ஆட்களை அங்கே பயிற்றுவித்து அனுப்பலாமே என்று தோன்றாமல் இல்லை.

ஐடிகே ஆறு மாதத் திட்டமாகத்தான் அறிவிக்கப்பட்டது. அதைத் தாண்டி ஓடி, பிறகு சுருங்கியது. இடையில் அரசு வேறொன்றைக் கண்டுகொண்டது: ஊர்தோறும் பெயர், போன் நம்பரோடு படித்த பெண்களின் பட்டியல் கையில் இருக்கிறது. 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாம்களில் இவர்களையே உட்காரவைத்தார்கள். வேலை நன்றாக நடந்தது. ஆனாலும் பாய்ஸ் ‘பயன்படுத்துதல்’ என்று சொன்னது இதுவாக இருக்க முடியாது. பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர வந்தவரை அவசரத்துக்கெல்லாம் கூப்பிடும் கையிருப்புப் படையாக்கினால், அடுத்த முறை பதிவுப் பட்டியல் அவ்வளவு நீளமாக இருக்காது.

ஏழில் ஆறாவது படியான அங்கீகாரம் இன்னும் பாக்கி. அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக வேண்டுமென்றால் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கு மேல் போட்டித் தேர்வு. தெரு மையத்தில் இரண்டு வருடம் எழுத்தறிவித்த பெண்ணுக்கு அந்தக் கணக்கில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. நிரந்தர வேலைக்கு உரிமை கோர முடியாது என்பது தெரிந்தேதான் அவர்கள் வந்தார்கள். ஆனால் பி.எட். படிப்பின் கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதியாக அந்த மாதங்களை ஏற்றுக்கொள்ளலாம். அங்கன்வாடியிலோ நூலகத்திலோ தற்காலிகப் பணிக்கு ஆள் எடுக்கும்போது அதை அனுபவமாக எடுத்துக்கொள்ளலாம். கருவூலத்துக்குக் கூடுதல் செலவில்லாத யோசனைகள் இவை. ஓர் அரசாணை போதும்.