‘குரூரக் கடல்’: காமிரா நிற்கும் இடம்

போர்ப்படம் என்றாலே தேசபக்திக் கூச்சல் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். ஈலிங் ஸ்டூடியோ தயாரித்து, சார்லஸ் ஃபிரெண்ட் இயக்கிய ‘தி க்ரூயல் ஸீ’ (1953) படத்தை அவ்வளவு சுலபமா ஒதுக்கிவிட முடியாது. இதில் வெற்றி முழக்கம் இல்லை. போர் முழுக்கச் சேர்த்துக் கேப்டன் எரிக்ஸன் மூழ்கடிப்பது இரண்டே நீர்மூழ்கிகள். அவருடைய முதல் கப்பலே கடலுக்குள் போய்விடுகிறது. இப்படி வீரத்தைக் குறைத்துப் பேசுகிற பிரதியின் அரசியலைத்தான் நிதானமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

‘கான்வாய்’ன்னா என்ன? இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்கான உணவும் எண்ணெயும் அட்லாண்டிக் வழியாக வந்தாக வேண்டும். அந்தக் குரல்வளையை நெரிக்க ஜெர்மன் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஆகவே சரக்குக் கப்பல்களை வரிசை வரிசையாகச் சேர்த்து, சுற்றிலும் சில போர்க்கப்பல்களைக் காவலுக்கு அனுப்பினார்கள். எரிக்ஸனின் கப்பல் ‘கார்வெட்’ வகை. சுமார் 85 பேர், 16 நாட் வேகம். நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மன் நீர்மூழ்கி இதைவிடச் சற்று வேகம்! எதிரியைக் கண்டுபிடிக்க ‘ஆஸ்டிக்’ கருவி: தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது. எதிரொலி கிடைத்தால் ஆழ்வெடிகளை வீசுவார்கள். வெடிப்பின் அழுத்தம் நீர்மூழ்கியின் உடலை உடைக்கும். பக்கத்தில் நீந்துகிற மனித உடல் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

படத்தின் மையம் இந்த இடம்தான். மூழ்கிய சரக்குக் கப்பலின் மாலுமிகள் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். காப்பாற்ற வருகிறார்கள் என்று கையசைக்கிறார்கள். அவர்களுக்கு நேர் கீழே எதிரொலி. எரிக்ஸன் தாக்க உத்தரவிடுகிறார். கீழே நீர்மூழ்கி இருந்ததா என்பது கடைசிவரை நிச்சயமில்லை. பிறகு குடித்துவிட்டு அழுகிறார். குற்றம் போருடையது என்கிறார். ஜாக் ஹாக்கின்ஸின் அந்த முகத்தை மறக்க முடியாதுதான்.

ஆனா செத்தவங்க முகம்? காமிரா காவல் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறது. காக்கப்படுகிறவன் சாகும்போது மட்டுமே சட்டகத்துக்குள் வருகிறான். அவனுடைய சாவு கேப்டனின் மனசாட்சிக்குக் கச்சாப்பொருளாகிவிடுகிறது. கொன்றவனின் துயரம் கதையாடலாகிறது, கொல்லப்பட்டவன் மௌனமாகிறான்.

இந்த மௌனத்துக்கு வர்க்கமும் உண்டு, நிறமும் உண்டு. போர்க்கால பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்தியத் துணைக்கண்டத்து மாலுமிகள். சில்ஹெட்காரர்கள், கோவாக்காரர்கள், பஞ்சாபிகள். கணிசமானோருக்கு வேலை இயந்திர அறையில். டார்ப்பிடோ தாக்கினால் மேலே ஏறி வருவது அரிது. சம்பளமோ வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பகுதி. 1939இல் போர் தொடங்கியதுமே இவர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்; பலர் சிறைக்குப் போனார்கள். போரில் செத்தவர்கள் 6,000க்கும் மேல். வெள்ளை மாலுமிக்கும் பெரிய மரியாதை ஒன்றுமில்லை: 1941 வரை, கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளம் நின்றுபோவது வழக்கமாக இருந்தது. உயிர்காக்கும் படகில் மிதக்கிறவன் கணக்கில் வேலையற்றவன்!

இந்தக் கணக்கெல்லாம் படத்துக்குள் வருவதில்லை. வரவிடாமல் தடுப்பது தலைப்பு. கதையின் ஒரே வில்லன் கடல்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். மனிதன் அதை இன்னும் குரூரமாக்கினான் என்கிறார்கள். எந்த மனிதன்? கப்பல் கம்பெனி முதலாளியா, பேரரசா, ஹிட்லரா? எல்லோரையும் ‘மனிதன்’ என்ற ஒரே சொல்லில் கரைத்துவிடும் தாராளவாத மனிதநேயம் இது. குற்றத்தை இயற்கையின் தலையில் கட்டிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகப் படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மூல நாவலை எழுதிய நிக்கோலஸ் மான்சரட் கார்வெட்களில் பணியாற்றியவர். அந்தக் குளிரும் களைப்பும் பொய்யில்லை. பாருங்கள். பார்க்கும்போது எரிக்ஸனின் கண்ணீரிலிருந்து பார்வையை விலக்கி, தண்ணீரில் கையசைக்கிறவர்கள் பக்கம் திருப்புங்கள். காமிரா செய்யாததை வாசகன் செய்யலாம்.