உங்களுக்குத் தெரியுமா? 5,000 பேர் பின்தொடர்ந்தால் நீங்களும் ஊடகம்!

எகிப்தில் ஒருவரின் சமூக வலைத்தளக் கணக்கை 5,000 பேர் பின்தொடர்ந்தால் போதும், அதை ஊடகத்துக்குச் சமமாக நடத்துகிறது 2018-இன் 180-ஆம் எண் சட்டம். ‘பொய்ச் செய்தி’ என்று ஊடக ஒழுங்குமுறை மன்றம் கருதினால் கணக்கை முடக்கலாம். இத்தனைக்கும் அந்நாட்டு அரசியலமைப்பின் 71-ஆவது பிரிவு தணிக்கையைத் தடை செய்கிறது. போர், படைதிரட்டல் காலங்களுக்கு மட்டுமே விலக்கு.

துனீசியாவின் கதை இன்னும் வேதனையானது.

2011 புரட்சி பெற்றுத்தந்த பேச்சுரிமையின் கழுத்தை நெரித்தது 2022-இல் வந்த 54-ஆம் ஆணை. இணையத்தில் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 5 ஆண்டு சிறை. அரசு அதிகாரியைக் குறிவைத்தது என்றால் இரட்டிப்பு. தொலைக்காட்சியில் நாட்டின் நிலையை விமர்சித்த வழக்கறிஞர் சோனியா தஹ்மானிக்கு 2024 ஜூலையில் இதன்கீழ் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எது பொய் என்பதற்கு அந்த ஆணையில் தெளிவான வரையறையே கிடையாது.