காசு போட்டவர் பேட்டிங் ஆர்டர் போடலாமா?

2024 மே 8 ராத்திரி டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தவங்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. லக்னோ டீம் 20 ஓவர் முக்கி முக்கி 165 ரன் அடித்தது. ஐதராபாத்தின் டிராவிஸ் ஹெட்டும் அபிஷேக் ஷர்மாவும் ஒரு விக்கெட்கூட விடாமல் 9.4 ஓவரில் கதையை முடித்துவிட்டார்கள். சரி, மேட்ச் முடிஞ்சாச்சு, டி.வி-யை அணைக்கலாம்னு பார்த்தால்... அதுக்கு அப்புறம்தான் அசல் மேட்ச்!

லக்னோ ஓனர் சஞ்சீவ் கோயங்கா, கேப்டன் கே.எல்.ராகுலை மைதானத்திலேயே நிற்க வைத்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று நமக்குக் கேட்கவில்லை. ஆனால், படம் மட்டும் நாடு முழுக்கப் போய்விட்டது. அப்புறம் ஓனர் வீட்டில் ராகுலுக்கு விருந்து, சிரித்தபடி போட்டோ எல்லாம் வந்தது. அந்த வருஷ ஏலத்தில் ராகுல் 14 கோடிக்கு டெல்லி போய்விட்டார். லக்னோ 27 கோடி கொடுத்து ரிஷப் பன்ட்டை வாங்கியது. 2024-ல் ஏழாம் இடம். 2025-லும் அதே ஏழாம் இடம்!

‘காசு போட்டவன் கேட்கத்தானே செய்வான்?’ என்று ஒரு கட்சி. ‘காசு போட்டா கிரிக்கெட் தெரிஞ்சிடுமா?’ என்று இன்னொரு கட்சி. நீங்க எந்தப் பக்கம்? பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் பார்த்துடலாம் வாங்க.

7,090 கோடி ரூபாய் கேள்வி!

முதலில் ஓனருக்காகப் பேசுவோம், பாவம்! 2021-ல் லக்னோ டீமுக்காக கோயங்கா குழுமம் கேட்ட விலை 7,090 கோடி ரூபாய். ஒரு மொபைல் வாங்கிவிட்டு அதில் ஒரு கீறல் விழுந்தாலே கடைக்காரரிடம் நாம போடுற சண்டை என்னன்னு நமக்கே தெரியும். இவ்வளவு போட்டவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்று சொல்வது நியாயமா?

அதே கோயங்காவின் பழைய கதையைக் கேளுங்க. 2016-ல் அவரிடம் இருந்தது புனே டீம். கேப்டன், நம்ம ‘தல’ தோனி. எட்டு டீமில் ஏழாவது இடம். அடுத்த வருஷம் தோனியைக் கேப்டன் பதவியில் இருந்து இறக்கிவிட்டு, ஸ்டீவ் ஸ்மித்தை உட்கார வைத்தார்கள். தமிழ்நாடே கொந்தளித்தது. ஆனால், ரிசல்ட்? 2017-ல் புனே ஃபைனல் வரை போனது. மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில்தான் கோப்பை கைநழுவிப் போனது.

அப்போ ஓனர் தலையிட்டால் நல்லதும் நடக்கும் போலிருக்கே என்று தோன்றுகிறதா? தோன்றணும். ஆனால், ஒன்றைக் கவனிங்க. சீஸன் ஆரம்பிக்கும் முன்பே ‘யார் கேப்டன்’ என்று முடிவெடுப்பது வேறு. தோற்ற அன்று ராத்திரி, கேமரா முன்னால் கணக்குக் கேட்பது வேறு. முதலாவது நிர்வாகம். இரண்டாவது?

கோழி வியாபாரமும் கால்பந்தும்

இரண்டாவதுக்கு ஒரு உதாரணம் 2008-லேயே இருக்கிறது. ஐ.பி.எல். தொடங்கிய அதே முதல் வருஷம். பெங்களூர் டீம் தோற்க ஆரம்பித்ததும், சீஸன் பாதியிலேயே சி.இ.ஓ. சாரு ஷர்மா வெளியே போனார். டீமைத் தேர்ந்தெடுத்தது திராவிட்டும் சாரு ஷர்மாவும்தான் என்று ஓனர் விஜய் மல்லையா பத்திரிகைகளிடமே குறைபட்டுக்கொண்டார். அப்போது திராவிட்தான் அந்த டீமின் கேப்டன்! ஓனரே நம்பவில்லை என்று பேப்பரில் படித்துவிட்டு, அடுத்த மேட்சில் அந்த கேப்டன் எந்த முகத்தோடு ஃபீல்டிங் செட் பண்ணுவார்? 14 மேட்சில் 4 வெற்றி. கடைசிக்கு முந்தின இடம்.

இதைவிடப் பெரிய பாடம் இங்கிலாந்தில் இருக்கிறது. அதற்கும் ஓனர் நம்ம ஊர் ஆட்கள்தான். சிக்கனுக்குப் பேர்போன புனே ‘வெங்கீஸ்’ குழுமம், 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை வாங்கியது. 1995-ல் பிரீமியர் லீக் சாம்பியன் ஆன கிளப் அது. வாங்கிய அடுத்த மாதமே, அனுபவசாலியான மேனேஜர் சாம் அலர்டைஸுக்கு கல்தா! டீம் அப்போது 13-வது இடத்தில், பெரிய ஆபத்து ஒன்றும் இல்லாமல்தான் இருந்தது. அவர் இடத்துக்கு வந்த ஸ்டீவ் கீன், அதற்கு முன் எந்த டீமுக்கும் மேனேஜராக இருந்ததில்லை. 2012-ல் கிளப் பிரீமியர் லீக்கில் இருந்தே இறங்கியது.

அதோடு விட்டார்களா? அடுத்த சீஸனில் ஹென்னிங் பெர்க் என்ற மேனேஜர் தாங்கியது 57 நாள். அவருக்கு அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். நம்ம செமஸ்டரே அதைவிட நீளம் பாஸ்! 2017-ல் கிளப் மூன்றாவது டிவிஷனுக்கே போய்விட்டது. ரசிகர்கள் ஸ்டேடியத்துக்குள் கோழியை விட்டு எதிர்ப்பு தெரிவித்தது தனிக் கதை.

மஞ்சள் ஜெர்ஸி சொல்லும் பாடம்

சரி, நம்ம சேப்பாக்கத்துக்கு வருவோம். 2008 ஏலத்துக்கு முன்னால் நடந்ததை, சென்னை டீமைத் தேர்வு செய்த வி.பி.சந்திரசேகர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ‘யாரை எடுக்கப் போறே?’ என்று கேட்டார் ஸ்ரீனிவாசன். தோனி என்றார் இவர். ‘ஏன், சேவாக் வேண்டாமா?’ என்று அவர் திருப்பிக் கேட்க, இவர் காரணங்களை அடுக்கினார். ஏலத்தன்று காலையில் ‘தோனியையே எடு’ என்று பச்சைக் கொடி வந்தது. 15 லட்சம் டாலருக்கு தோனி மஞ்சளானார். மீதி உங்களுக்கே தெரியும்.

இதில் ஓனர் தலையிடவில்லையா? தலையிட்டார். எப்படி? ‘ஏன்?’ என்று கேட்டார். பதில் திருப்தியாக இருந்ததும் ஒதுங்கிக்கொண்டார். ‘நான் சொல்றவனை எடு’ என்று சொல்லவில்லை. அங்கேதான் இருக்கு மேட்டர்.

ஸ்டீபன் ஃப்ளெமிங் 2009-ல் கோச் ஆனார். 2020-ல் சென்னை ஏழாம் இடம். கோச்சை மாற்றவில்லை, 2021-ல் கோப்பை. 2022-ல் ஒன்பதாம் இடம். அப்போதும் மாற்றவில்லை, 2023-ல் கோப்பை. வேறு டீமாக இருந்திருந்தால், நடுவில் ரெண்டு பேருக்காவது வழியனுப்பு விழா நடந்திருக்கும்!

அதுக்காக சென்னை டீம் ஓனர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்ரீனிவாசனின் மாப்பிள்ளை குருநாத் மெய்யப்பன், டீமோடு டக்-அவுட்டில் உட்கார்ந்திருப்பார். 2013-ல் பெட்டிங் புகாரில் அவர் கைதானபோது, அவர் ஓனர் இல்லை, கிரிக்கெட் ஆர்வலர் அவ்வளவுதான் என்று சொல்லிப் பார்த்தார்கள். விசாரித்த முத்கல் கமிட்டி அதை ஏற்கவில்லை. கடைசியில் 2016, 2017 என ரெண்டு வருஷம் சென்னை டீமுக்கே தடை. பொறுப்பு என்ன என்று எழுதி வைக்காத ஒருவர், ஓனர் வீட்டு ஆள் என்பதால் மட்டும் டீமுக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய விலை யாரும் கொடுத்ததில்லை.

கோடு எங்கே கிழிக்கலாம்?

இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிடலாம். ஏ.சி-க்கு 24 டிகிரி என்று செட் பண்ணுவது வீட்டுக்காரர் வேலை. கம்ப்ரெஸர் எப்போ ஓடணும், எப்போ நிக்கணும் என்பதைப் பார்த்துக்கொள்வது கன்ட்ரோலர் வேலை. வீட்டுக்காரரே நிமிஷத்துக்கு நிமிஷம் ஸ்விட்சைப் போட்டு அணைத்தால் ரூமும் குளிராது, கம்ப்ரெஸரும் புகைந்துவிடும்.

டீமும் அப்படித்தான். எவ்வளவு செலவு, யார் கோச், எத்தனை வருஷத்தில் என்ன எதிர்பார்ப்பு... இதெல்லாம் ஓனர் கையில். பதினொரு பேர் யார், யார் எத்தனாவதாக இறங்கணும் என்பது கோச், கேப்டன் கையில். காரணம் ரொம்ப சிம்பிள். நெட்ஸில் எவன் முதுகைப் பிடித்துக்கொண்டு பந்து போடுகிறான், எவனுக்கு ராத்திரி தூக்கமில்லை என்பது தினமும் கூட இருக்கிறவருக்குத்தான் தெரியும். ஸ்கோர்போர்டில் அது வராது.

கோச் சொதப்பினால்? தாராளமா மாத்தலாம். 2009-ல் கொல்கத்தா கோச் ஜான் புக்கனன், ‘ஒரே டீமுக்குப் பல கேப்டன்கள்’ என்று ஒரு தியரி கொண்டுவந்தார். கங்குலியின் கேப்டன் பதவி போனது, டீம் கடைசி இடத்துக்குப் போனது. சீஸன் முடிந்ததும் புக்கனனும் போனார். அது ஓனரின் உரிமை. யாரும் தப்பு சொல்ல முடியாது. அதன் பிறகு கம்பீர் கையில் டீமைக் கொடுத்த ஷாருக் கான், கிரிக்கெட் விஷயத்தில் மூக்கை நுழைக்கவே இல்லை என்று கம்பீரே பல முறை சொல்லியிருக்கிறார். 2012-ல் நம்ம சேப்பாக்கத்துக்கே வந்து, நம்ம டீமையே ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயித்தெரிச்சல்தான், ஆனா உண்மை!

நம்ம ஏரியா ஓனர்கள்

‘இதெல்லாம் கோடீஸ்வரர்கள் பிரச்னை, நமக்கென்ன?’ என்று பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில கோவிலம்பாக்கம் பக்கம் வந்து பாருங்க. மேடவாக்கம் மெயின் ரோட்டுக்கும் 200 அடி ரோட்டுக்கும் அக்கம்பக்கத்தில், இன்னும் வீடு கட்டாமல் விட்டு வைத்திருக்கிற மனை எங்கே இருந்தாலும் அங்கே ஸ்டம்ப் நட்டிருக்கும். டென்னிஸ் பால் டோர்னமென்ட்டுக்கு என்ட்ரி ஃபீஸ் கட்டி, ஜெர்ஸி அடித்து, மதியம் பிரியாணியும் வாங்கித் தர ஒரு அண்ணன் இருப்பார். நல்ல மனுஷன்தான். ஆனால், ஃபைனலில் அவர் தம்பி ஓப்பனிங் இறங்குவான். சீஸன் முழுக்க ஓப்பனிங் ஆடிய பையன் பவுண்டரி ஓரத்தில் வாட்டர் பாட்டிலோடு நிற்பான். கேப்டனிடம் காரணம் கேட்டால், தலையைச் சொறிவார்.

நஷ்டம் அந்த ஒரு மேட்ச் இல்லை. நல்லா ஆடினால் இடம் கிடைக்கும் என்று நம்பிய ஒரு பையன், அண்ணனுக்குப் பிடித்தால்தான் இடம் என்று அன்று கற்றுக்கொள்கிறான். அடுத்த வாரம் அவன் நெட்ஸுக்கு வருவானா, இல்லை அண்ணன் பைக்கைத் துடைக்கப் போவானா? 27 கோடி வீரருக்கு ஏலத்தில் இன்னொரு டீம் கிடைக்கும். இவனுக்கு இந்த ஒரு டீம்தான்!

அதனால் அடுத்த டோர்னமென்ட்டுக்குப் பேர் கொடுக்கும்போதே, ஸ்பான்ஸர் அண்ணனோடு ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மூணு விஷயத்தைப் பேசி முடிச்சிடுங்க. ஒண்ணு, டீம் லிஸ்ட் கேப்டனுடையது. ரெண்டு, அண்ணன் ‘ஏன்?’ என்று எப்போ வேணும்னாலும் கேட்கலாம். ஆனா மேட்ச் முடிஞ்சு, தனியா, மரியாதையா. மூணு, கேப்டன் சரியில்லைன்னா டோர்னமென்ட் முடிஞ்சதும் மாத்திக்கலாம், நடுவுல கிடையாது.

அண்ணன் ஒத்துக்குவாரான்னு கேட்கறீங்களா? கேட்டுப் பாருங்க. டீ காசு மட்டும் அன்னிக்கு நீங்களே கொடுத்துடுங்க!